படகு சைலன்சருக்கு உறை: நாடாவா, சில்வர் தாளா, ஜாக்கெட்டா?

எஞ்சின் புகைக்குழாயின் சூட்டை அடக்க அதன்மேல் எந்த உறையைச் சுற்றுவது என்பதுதான் கேள்வி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பல நாள் கடலில் தங்கித் தொழில் செய்யும் படகுக்குக் கழற்றி மாட்டும் ஜாக்கெட்தான் சரி. கையில் பணம் குறைவு, குழாயும் உப்பை நன்றாகத் தாங்கும் 316எல் ரக ஸ்டெயின்லெஸ் என்றால் கண்ணாடியிழை நாடா போதும். சில்வர் தாள் ஒட்டிய உறையை மட்டும் நம்பி எஞ்சின் ரூமில் ஆளை இறக்காதீர்கள். தேங்காய்பட்டணம், குளச்சல், முட்டம், சின்னமுட்டம் துறைமுகப் படகுகளில் இந்த மூன்றுமே சுற்றப்படுவதால் தனித்தனியாகப் பார்க்கவேண்டும்.

2025 ஜூன் 14 அன்று திருவனந்தபுரத்தில் இறங்கி, கோளாறு சரியாகி ஜூலை 22இல் கிளம்பிய, ரேடாருக்கு எளிதில் சிக்காத பிரிட்டிஷ் எஃப்-35பி போர்விமானத்தின் படங்களை நம் பக்கத்தில் பார்க்காதவர் குறைவு. அதன் எஞ்சின் வாய் ஓரம் ரம்பப்பல் மாதிரி வெட்டியிருக்கும். வட்டமான நேர் விளிம்பில் பட்ட ரேடார் அலை வந்த வழியே திரும்பும். சாய்ந்த பற்களில் பட்டால் வேறு திசைக்குச் சிதறும். சூடான புகையோடு வெளிக்காற்று கலக்கவும் அந்தப் பற்கள் உதவுகின்றன. ரேடார் விஷயத்தில் நம் படகின் தேவை நேர் எதிர். மரமும் ஃபைபரும் ரேடாருக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும் அலுமினியத் தகடுகளால் ஆன பிரதிபலிப்பானைக் கொடிமரத்தில் ஏற்றியே ஆகவேண்டும். ஆனால் சூட்டைப் பொறுத்தவரை போர்விமானத்துக்கும் விசைப்படகுக்கும் கணக்கு ஒன்றுதான்.

அந்தக் கணக்கு இது. 4 இஞ்ச் குழாயின் வெளிவிட்டம் 114 மி.மீ.; ஒரு மீட்டர் நீளத்துக்குப் பரப்பு ஏறக்குறைய 0.36 சதுர மீட்டர். துருப்பிடித்த இரும்பு 400 டிகிரியில் இருந்தால் அந்த ஒரு மீட்டர் மட்டும் சுமார் மூன்றரை கிலோவாட் வெப்பத்தை வீசும். மூன்று நான்கு அயன்பாக்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்வதற்குச் சமம். வீசும் வெப்பம் கெல்வின் வெப்பநிலையின் (செல்சியஸோடு 273 கூட்டியது) நான்காம் அடுக்கில் ஏறுவதால், வெளிப்பரப்பை 200 டிகிரிக்கு இறக்கினாலே அது நான்கில் ஒரு பங்காகிவிடும். உறை வாங்குவதன் லாபம் இந்த நான்காம் அடுக்கில்தான் இருக்கிறது.

சில்வர் உறை ஏமாற்றும் இடமும் இதுதான். பளபளப்பான அலுமினியப் பரப்பு அதே சூட்டில் மிகக் குறைவாகவே கதிர்வீசும். வெப்பம் தேடும் ஏவுகணையின் கண்ணுக்குக் குளிர்ந்ததுபோல் தெரிய இது விமானத்துக்குப் பயன்படும். எஞ்சின் ரூமுக்கு வேண்டியது குளிர்ந்ததுபோல் தெரிவதல்ல, குளிர்ந்திருப்பது. கதிர்வீச்சில் போகாத சூடு பரப்பிலேயே தங்கி அதை இன்னும் சுட வைக்கும். தொடாமல் சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியும் பளபளப்பான பரப்பில் சூட்டைக் குறைத்தே காட்டும். அது காட்டும் அளவை நம்பிக் கை வைத்தவர் தோல் உரிந்துதான் போவார். அந்த உறையின் மேல் இரண்டு விரல் அகலத்துக்குச் சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட் அடித்து, அந்த இடத்தில் மட்டும் அளந்தால் உண்மை தெரியும். போதாததற்கு உப்புக்காற்றும் டீசல் புகையும் படிந்து பளபளப்பு மங்கியதும் கதிர்வீச்சுக் குறைப்பும் போய்விடும்.

அடுத்தது நாடா. 50 மி.மீ. அகலம், 10 மீட்டர் சுருள் என்பது பரவலாகக் கிடைக்கும் அளவு. கால் பங்கு மேலேறச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றும் 37.5 மி.மீ. முன்னேறும், 4 இஞ்ச் குழாய்க்கு மீட்டருக்கு 9.6 மீட்டர் நாடா போகும். ஒரு சுருளுக்கு ஒரு மீட்டர் குழாய் என்று கணக்கிட்டு, வளைவுகளுக்கு ஒரு சுருள் கூடுதலாக வாங்குங்கள். பாதி மேலேறச் சுற்றினால் 14.4 மீட்டர் ஆகும். சாதாரணக் கண்ணாடியிழை நாடா 550 டிகிரி வரை தொடர்ந்து தாங்கும். பெட்டியின் மேல் அதைவிடப் பெரிய எண் இருந்தால் அது சிறிது நேரத்துக்கானது. ‘டைட்டானியம்’ என்று விற்பது பெரும்பாலும் எரிமலைக் கல்லிலிருந்து எடுத்த பசால்ட் இழை. அது கூடுதல் சூடு தாங்கும், கையும் அரிக்காது.

கண்ணாடியிழை நாடாவை நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, ஈரத்தோடு இழுத்துச் சுற்றவேண்டும். காய்ந்ததும் இறுகிப் பிடிக்கும். கடல்நீரில் ஊறவைப்பது குழாய்க்கு நஞ்சு வைப்பதற்குச் சமம். கையுறையும் முழுக்கைச் சட்டையும் கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும். மேல்நோக்கிப் போகும் குழாயில் கீழிருந்து தொடங்குங்கள். கூரைக்கு ஓலை வேய்வதுபோல மேல்சுற்று கீழ்ச்சுற்றின் மேல் ஏறியிருந்தால்தான் மேலிருந்து வழியும் நீர் உள்ளே புகாது. 8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் பட்டியால் 20 செ.மீ.க்கு ஒரு கட்டு. முதல் ஓட்டத்தில் ஒட்டுப்பசை எரிந்து புகை வரும். ஹேட்சை (எஞ்சின் ரூம் மேல்மூடி) திறந்துவைத்துத் துறைமுகத்திலேயே அரை மணி நேரம் ஓட்டிவிடுங்கள்.

நாடாவின் பெரிய குறை துரு. ஈர உப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு உள்ளேயே இரும்பைத் தின்னும், வெளியே ஒன்றும் தெரியாது. சாதா இரும்புக் குழாயானால் துருவைச் சுரண்டி, 600 டிகிரி தாங்கும் சிலிக்கோன்-அலுமினியப் பெயின்ட் அடித்து, சூடேற்றி உலர்த்திய பிறகே சுற்றவேண்டும். சாதாரண 304 ரக ஸ்டெயின்லெஸ்கூட சூடும் உப்பிலுள்ள குளோரைடும் சேர்ந்தால் வெடிப்பு விடும். எஞ்சினிலிருந்து புகையைத் திரட்டும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் நாடா சுற்றவே கூடாது. சூடு அடைபட்டு விரிசல் கண்டால் நாடாவைவிடப் பல மடங்கு செலவு. நெளிவுக் குழாயையும் போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளாஞ்ச் விளிம்புகளையும் திறந்தே விடுங்கள். டீசல் சொட்டும் இடத்தில் நாடா விளக்குத்திரி ஆகிவிடும். டீசல் தானாகத் தீப்பற்ற 210 டிகிரிக்கு மேல் போதும். பெரிய கப்பல்களில் எரிபொருள் படக்கூடிய, 220 டிகிரியைத் தாண்டும் எந்தப் பரப்பையும் மூடவேண்டும் என்று சர்வதேச விதி இருப்பது இதனால்தான்.

எந்த உறையானாலும் சூட்டை அழிப்பதில்லை, அடுத்த இடத்துக்குத் தள்ளுகிறது. மூடிய குழாயில் புகை சூடு குறையாமல் போய் உறை முடியும் இடத்தை வறுக்கும். ஒளிந்து பறக்கும் விமானங்களைச் செய்தவர்கள் இதைத்தான் முக்கியச் சிக்கலாக எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் எஃப்-117 விமானத்தில் புகைவாயைத் தட்டையான நீளப் பிளவாக்கி, கீழ் உதட்டை நீட்டி, அதில் சூடு தாங்கும் ஓடுகள் பதித்தார்கள்; கீழிருந்து பார்ப்பவருக்குச் சூடான உள்பகுதி தெரியாது. 2004இல் கைவிடப்பட்ட அமெரிக்கக் கோமாஞ்சி ஹெலிகாப்டரில் புகையை வால்பகுதிக்குள் குளிர்காற்றோடு கலந்து வெளியே விட்டார்கள். போர்க்கப்பல் புகைப்போக்கிகளில், வேகமாகப் போகும் புகையே சுற்றுக்காற்றை இழுத்துக்கொள்ளும் இரட்டைக்குழாய் உண்டு.

அந்த இரட்டைக்குழாயை நம் ஊர் லேத் பட்டறையிலேயே செய்யலாம். குழாய் டெக்கைத் துளைக்கும் இடத்தில் நான்கு பக்கமும் 40 மி.மீ. இடைவெளி விட்டு வெளிக்குழாய் ஒன்றை நிறுத்துங்கள். அடிப்பக்கம் எஞ்சின் ரூமுக்குத் திறந்திருக்க, உள்குழாய் வாய் வெளிக்குழாய் வாயைவிடச் சற்றுக் கீழே முடியவேண்டும். புகை ஓட்டம் எஞ்சின் ரூம் வெக்கையையும் இழுத்துக்கொண்டு போகும், டெக் ஃபைபரும் கருகாது. உள்குழாயை வெளிவாயைத் தாண்டி நீட்டிவிட்டால் இழுவை போய்விடும்; செய்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

ஜாக்கெட் அளவெடுத்துத் தைப்பது. உள்ளே ஸ்டெயின்லெஸ் வலை, நடுவில் 25 மி.மீ. ஊசிப்பஞ்சு விரிப்பு (ஊசியால் குத்தி இறுக்கிய இழை), வெளியே சிலிக்கோன் பூசிய கண்ணாடித்துணி. இதன் பலம், கொக்கிக் கம்பியை அவிழ்த்தால் ஐந்து நிமிடத்தில் குழாயைக் கண்ணால் பார்க்கலாம் என்பது. பலவீனம் வெளித்துணி: சுமார் 250 டிகிரிக்கு மேல் சிலிக்கோன் கருகும். அளவு சரியில்லாமல் வாய் திறந்திருக்கும் இடத்தில் முதலில் கருகுவது அதுதான். டர்போவுக்கு (புகையால் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை ஊட்டும் பகுதி) தனித்துண்டாகக் கேளுங்கள். குழாயோடு சேர்த்துத் தைத்தால் ஒவ்வொரு முறையும் முழுவதையும் பிரிக்கவேண்டும். கொக்கிகள் 316ஆக இருக்கட்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கயிறு விலை குறைவு என்று யாராவது எடுத்துத் தந்தால் வாங்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலை விட்டுப் போகாது.

வேலைக்குத் தோதான காலம் மீன்பிடித் தடைக்காலம்: சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மாட்டி முடித்ததும் ஒரே ஆர்.பி.எம்மில் அரை மணி ஓட்டி, டர்போ அருகே, நடுக்குழாயில், டெக் துளையில் என மூன்று இடங்களில் கறுப்புப் புள்ளி வைத்து அளந்து எஞ்சின் ரூம் சுவரிலேயே எழுதிவையுங்கள். ஒவ்வொரு தங்கல் முடிந்து கரை சேர்ந்ததும் அதே ஆர்.பி.எம்மில் மீண்டும் அளக்கவேண்டும். நடுக்குழாய் எண் ஏறினால் உறை நைந்திருக்கிறது. டெக் துளை எண் மட்டும் ஏறினால் இரட்டைக்குழாயின் அடிவாயைக் கழிவுத்துணியோ கரியோ அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.