ஹெட்டை இறக்காமல் வால்வ் சீல்: சிங்காநல்லூர்ப் பட்டறை ஒன்றைப் பற்றி

கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் பழைய மாருதி வண்டிகளை மட்டும் பார்க்கும் ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் எப்போதும் ஒரு ஆம்னி நிற்கும், உள்ளே இரண்டு வண்டிக்குத்தான் இடம். என்னுடைய மாருதி 800-க்கு வால்வ் சீல் மாற்றிய வேலையைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. "இன்ஜின் வேலை வந்துடுச்சு" என்று யாராவது உங்களைப் பயமுறுத்தி வைத்திருந்தால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வண்டி 2004 மாடல், நாலு கியர். அப்பா வாங்கியது, இப்போது என் நர்சரிக்கு உழைக்கிறது. பின் சீட்டை மடக்கிப் போட்டால் குன்னூரிலிருந்து பூச்செடி நாற்றுத் தட்டுகள் தாராளமாக ஏற்றி வரலாம். அந்த மலைப்பாதையில்தான் கோளாறு தெரிய வந்தது. பர்லியாறு வரை இரண்டாவது கியரில், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்குவேன். கல்லாறு தாண்டிச் சமதளம் வந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பின்னால் நீலமாக ஒரு புகை மூட்டம். பைக்கில் வந்த பையன்கள் "அக்கா, வண்டி புகையுது" என்று பக்கத்தில் வந்து கத்திவிட்டுப் போனார்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டிலும் அதே புகை வரும், ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடும். அப்புறம் நாள் முழுக்க டவுனுக்குள் ஓட்டினாலும் ஒன்றும் தெரியாது. டிப்ஸ்டிக்கில் மட்டும் ஆயில் இறங்கிக்கொண்டே இருந்தது. இந்த இன்ஜின் கொள்ளுவதே மூன்று லிட்டர்தான், அதில் அரை லிட்டர் குறைந்தாலே பெரிய விஷயம்.

முதலில் போனது வேறொரு பெரிய ஒர்க்‌ஷாப். பெயர் வேண்டாம். சைலன்சர் வாயில் விரலை விட்டுக் கரியைத் தேய்த்துப் பார்த்தார்கள், ஒரு தடவை ரேஸ் பண்ணினார்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்கி போர் பண்ண (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) வேண்டும், முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். எஸ்டிமேட்டை விளக்கிச் சொல்லுங்கள் என்று கேட்டதற்கு, "சார் இருந்தா கூட்டிட்டு வாங்க மேடம், அவருக்குச் சொன்னாப் புரியும்" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் வீட்டுச் சாருக்கு ஸ்கூட்டருக்குக் காற்று அடிக்கவே நான்தான் போக வேண்டும்.

சிங்காநல்லூர் அண்ணன் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் கேள்விதான் கேட்டார். "ஏனுங் அம்மிணி, ஓடிட்டிருக்கறப்பப் புகையுதா, இல்ல நின்னு எடுக்கறப்ப மட்டுமா? மேடு ஏறறப்ப எப்படி?" மேடு ஏறும்போது புகையே இல்லை என்றேன். "அப்ப ரிங்கைத் தொட வேண்டாம். பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

பார்த்தார் என்றால் நிஜமாகவே பார்த்தார். இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து கையை வைத்து, புஸ் புஸ்ஸென்று காற்றுத் தள்ளுகிறதா என்று சோதித்தார். ரிங் தேய்ந்திருந்தால் எரிகிற வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கி அந்த வழியாகத்தான் வெளியே வருமாம். பெரிதாக ஒன்றும் வரவில்லை. அடுத்து மூன்று பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தார். அதில் ஒன்று மட்டும் கருப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. பிளக் துளையில் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் கேஜைச் செருகி, ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு என்னையே செல்ஃப் அடிக்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அதே சோதனை. ஆயில் விட்டதும் முள் நன்றாக ஏறினால் ரிங்கில் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். அப்படி ஏறவில்லை. பெரிய இடத்தில் இந்தச் சோதனை எதையும் செய்யவில்லை. இங்கே இதற்கென்று தனியாகக் காசும் வாங்கவில்லை.

புகை ஏன் அந்த இரண்டு நேரத்தில் மட்டும் வருகிறது என்பதையும் அவரே விளக்கினார். சிலிண்டருக்குள் காற்று வரவும் புகை போகவும் திறந்து மூடும் கதவுதான் வால்வ். அதன் தண்டு கைடு என்கிற குழாய்க்குள் மேலும் கீழும் போய் வருகிறது. மேலே ஹெட்டில், அதாவது சிலிண்டர்களை மூடியிருக்கும் இன்ஜினின் மேல் பாகத்தில், ஆயில் தெறித்துக்கொண்டே இருக்கும். அது தண்டு வழியாகக் கீழே இறங்காமல் பிடித்து வைப்பது மோதிர அளவு ரப்பர் தொப்பி ஒன்று, அதுதான் வால்வ் சீல். ராத்திரி முழுக்க நிற்கிற வண்டியில் சீல் சரியில்லை என்றால் ஆயில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கி, காலையில் எரிகிறது. மலை இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு கியரில் ஓட்டும்போது காற்று வரும் வழி மூடிக்கிடக்க, இன்ஜின் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த இழுப்பில், காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வ் வழியாக ஆயில் உள்ளே போகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் அது மொத்தமாக எரிகிறது. கல்லாறு கணக்கு அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

இந்த வண்டியில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு வால்வ், மொத்தம் ஆறு சீல். அதை மாற்ற ஹெட்டை இறக்குவதுதான் பல இடத்தில் வழக்கம். இவர் இறக்கவில்லை. நான் நர்சரிக்குப் போகாமல் உட்கார்ந்து பார்த்தது இதற்காகத்தான். ராக்கர் கவரைத் திறந்து, வால்வை அமுக்கித் திறக்கும் ராக்கர்களைக் கழற்றி, எது எங்கே இருந்ததோ அதே வரிசையில் அட்டை மேல் அடுக்கினார். ஆயில் கீழே வடியும் துளைகளில் எல்லாம் துணியைத் திணித்தார். அப்புறம் ஒரு நைலான் கயிற்றை எடுத்து, பிளக் துளை வழியாக சிலிண்டருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்தார், வால் மட்டும் வெளியே. பிஸ்டன் மேலே வர இன்னும் கொஞ்சம் இருக்கும் நிலையில் கயிற்றை விட்டு, கிராங்க் புல்லியை ஸ்பேனரால் மெதுவாகத் திருப்பினார். பிஸ்டன் ஏறி, கயிற்றுச் சுருளை வால்வுகளோடு சேர்த்து இறுக்கிக்கொண்டது. இனி ஸ்பிரிங்கைக் கழற்றினாலும் வால்வ் உள்ளே விழாது. கம்ப்ரஸர் காற்றை உள்ளே நிரப்பியும் இதைச் செய்யலாமாம், "கரண்ட் போச்சுன்னா காத்தும் போயிரும், கயிறு எங்கயும் போகாது" என்றார்.

ஸ்பிரிங்கை அமுக்கினால் அதன் தலையில் இரண்டு பாதியாக ஒரு லாக் இருக்கிறது, நெல்மணியை விடக் கொஞ்சம்தான் பெரிது. காந்தத்தால் அதைத் தூக்கினார். இது தவறிக் கீழே விழக் கூடாது என்றுதான் முன்பே துணி திணித்தது. பழைய சீலைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். ரப்பர் என்றே சொல்ல முடியாது, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை, ஒன்று வளைத்ததும் பிளந்துவிட்டது. புதுசின் உதடு விரல் பட்டாலே மடங்கியது. புதுச் சீலைப் போடும்போது வால்வ் நுனியில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மாட்டி, ஆயில் தடவி, அதன் மேல் வழுக்கிவிட்டார். லாக் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு கத்தி மாதிரி, நேராகத் தள்ளினால் சீல் உதடு போடும்போதே கிழிந்துவிடும் என்றார். இந்த ஒரு இடத்தில்தான் அவசர மெக்கானிக்குகள் காசை வீணாக்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு வால்விலும் சீல் போடுவதற்கு முன் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் (புகை வெளியேறும் வால்வ்) மட்டும் ஆட்டம் இருந்தது. என் கையையும் வைக்கச் சொல்லிக் காட்டினார். கைடு தேய்ந்தால் புதுச் சீலும் சீக்கிரம் தேயும், அதற்கு ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்பத்தான் வேண்டும், இப்போதைக்கு ஓட்டலாம் என்றார். மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

கடைசியாக டேப்பெட், அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி. ஃபீலர் கேஜ் தகட்டை விட்டு ஒவ்வொன்றாக அட்ஜஸ்ட் செய்து, கவரை மூடி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றிக் கொடுத்தார். சீல் செட், பேக்கிங், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்குள் முடிந்தது. அதன்பின் மழையில் ஒரு முறை குன்னூர் போய் இறங்கினேன். கல்லாறில் மிதித்தபோது கண்ணாடியில் நீலம் எதுவும் தெரியவில்லை. காலை ஸ்டார்ட்டில் மட்டும் எப்போதாவது ஒரு இழை வருகிறது, அந்த மூன்றாவது சிலிண்டர் உபயம்.

குறை இல்லாமல் இல்லை. பில் கேட்டால் சிகரெட் அட்டையின் பின்பக்கம்தான். போனை எடுக்கவே மாட்டார். சாயங்காலம் தருகிறேன் என்ற வண்டி மறுநாள் மதியம்தான் கிடைத்தது, நடுவில் அவசரமென்று யாரோ ஒருவர் ஆம்னியைக் கொண்டுவந்து விட்டதால். ராக்கர் கவர் பேக்கிங்கில் ஆயில் கசிந்து மறுபடி போக வேண்டி வந்தது. முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார், ஆனால் முதலிலேயே சரியாக உட்கார்த்தியிருக்கலாம். உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை, நான் உட்கார்ந்தது பழைய டயர் மேல்.

புது மாடல் வண்டிகளை அவரே தொட மாட்டேன் என்று அனுப்பிவிடுகிறார், அதனால் அதற்காகப் போக வேண்டாம். 800, ஆம்னி வைத்திருப்பவர்கள் போகலாம். சீல் செட்டை மட்டும் மாருதி ஸ்பேர்ஸ் கடையில் நீங்களே முன்கூட்டி வாங்கிக்கொண்டு போங்கள். அவர் வாங்கி வரட்டும் என்று விட்டால் அரை நாள் அதற்கே போய்விடும்.