இன்குபேட்டரும் செட்டிநாட்டு வெயிலும்: பொரியாத முட்டைகள் சொல்லித் தந்தவை

காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் நடுவில் எங்கள் ஊர். பழைய வீட்டின் இரண்டாம் கட்டில், 100 முட்டை பிடிக்கும் இன்குபேட்டர் ஒன்று சில வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. தெர்மாகோல் வைத்த சுவர், உள்ளே மின்விசிறி, டிஜிட்டல் தெர்மோஸ்டாட், மோட்டாரில் சாயும் தட்டு என்று எல்லாரும் பார்த்திருக்கக்கூடிய சாதாரணப் பெட்டிதான். சிறுவிடை என்ற நாட்டுக்கோழியின் முட்டையும் வாத்து முட்டையும் இதில் வைக்கிறேன். புதிதாக வாங்க நினைப்பவர்கள் "எத்தனை சதவீதம் பொரிக்கும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பொரிக்காத முட்டைகள் எந்த நாளில், எப்படிச் செத்தன என்று பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. பலர் பொரியாததை எல்லாம் கூமுட்டை என்று குப்பைக் குழியில் வீசிவிட்டு, அடுத்த முறை வெப்பத்தைக் கொஞ்சம் கூட்டுகிறார்கள், அல்லது தண்ணீரைக் கூட்டுகிறார்கள். காரணம் தெரியாமல் கைவைத்தால் நன்றாக இருந்ததும் கெடும்.

அதனால் முதலில் உடைத்துப் பார்ப்பதைச் சொல்கிறேன். கோழி முட்டை பொரிக்க வேண்டிய 21-ஆம் நாள் முடிந்து இன்னும் ஒன்றிரண்டு நாள் விட்டு, மீதி முட்டைகளைத் தோட்டத்துக்கு எடுத்துப்போய், காற்றறை (ஓட்டுக்குள் காற்று தங்கும் இடம்) இருக்கும் அகலமான முனையில் மெதுவாகத் தட்டித் திறக்க வேண்டும். நாற்றம் இருக்கும், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்.

உள்ளே ஒன்றுமே இல்லாமல் மஞ்சளும் வெள்ளையுமாக இருந்தால் பெரும்பாலும் கருக்கூடாத முட்டை. அதற்கும் பெட்டிக்கும் சம்பந்தம் இல்லை. ஒரு சேவலுக்குப் பத்துப் பெட்டைக்கு மேல் போகக் கூடாது. வாத்தில் ஓர் ஆணுக்கு ஐந்தாறு போதும். கடையில் நாட்டுக்கோழி முட்டை என்று விற்பதை வாங்கி அடை வைப்பவர்களுக்கு இந்த ஏமாற்றம்தான் அதிகம். சேவலே இல்லாத கூண்டில் இட்ட முட்டையாக இருந்தால் எந்தப் பெட்டியிலும் பொரிக்காது. ஏழாம் நாள் இருட்டில் முட்டைக்கு டார்ச் அடித்துப் பார்க்கும்போது சிலந்திக்கால் மாதிரி நரம்புகள் ஓடியிருந்தால் கரு நலம். நரம்பு இல்லாமல் ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு உருவாகி முதல் வாரத்திலேயே இறந்திருக்கிறது. வெப்பம் ஏறி இறங்கியது, பைக்கில் குலுங்கி வந்தது, அடை வைக்கும் முன் வெயிலில் கிடந்தது என்று இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

நடு வாரத்தில், பாதி வளர்ந்த நிலையில் நிறைய முட்டைகள் ஒன்றாக இறந்திருந்தால் நான் பெட்டியை விட்டுவிட்டுத் தாய்க்கோழியின் தீவனத்தைப் பார்ப்பேன். வெறும் குருணையும் அரிசியும் தின்று அடைபட்டுக் கிடக்கும் கோழியின் முட்டையில் ரைபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமின் குறையும். அந்தக் குறை இரண்டாவது வாரத்தில்தான் வெளியே தெரியும். கரு குட்டையாக, தூவி சுருண்டு இருக்கும். முருங்கைக்கீரையும் அகத்தியும் தினமும் போட்டு, சாயங்காலம் கொஞ்சம் வெளியில் மேயவிட்டால் இது தானாகச் சரியாகிறது.

கடைசி மூன்று நாளில் முழுக் குஞ்சாகி உள்ளேயே இறப்பதுதான் மனசைப் போட்டு வாட்டும். இங்கே காற்றறையைக் கவனியுங்கள். காற்றறை மிகச் சிறியதாக, குஞ்சு நீரில் ஊறியது போல் கொழகொழவென்று இருந்தால் ஈரப்பதம் அதிகமாகிவிட்டது. காற்றறை பெரிதாக, சவ்வு குஞ்சோடு ஒட்டிக் காய்ந்திருந்தால் ஈரம் போதவில்லை. நாள் வரும் முன்பே பொரித்து, தொப்புள் சரியாக மூடாமல் இருந்தால் சூடு அதிகம். ஒருநாள் தாமதமாகி, வயிறு உப்பி, நிற்கத் தெம்பில்லாமல் வந்தால் சூடு குறைவு. கூர்மையான முனைப் பக்கம் அலகு இருந்தால், முட்டையைத் தலைகீழாக அடுக்கியிருக்க வாய்ப்பு உண்டு. நிறுத்தி அடுக்கும்போது அகலமான முனை எப்போதும் மேலே இருக்க வேண்டும்.

இனி பெட்டி. விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி செல்சியஸ் சரி. விசிறி இல்லாததில் முட்டையின் மேல்பாகம் இருக்கும் மட்டத்தில் 38.3 முதல் 38.9 வரை வைப்பார்கள். ஆனால் முகப்பில் எரியும் எண்ணை நம்ப முடியாது. எங்கள் பெட்டியின் சென்சார் அரை டிகிரிக்கு மேல் தவறாகக் காட்டியது. காய்ச்சல் பார்க்கும் நல்ல தெர்மாமீட்டரை முட்டைகளுக்கு நடுவே வைத்து ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும். ஈரப்பதமானிக்கும் ஒரு பரிசோதனை உண்டு. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்து, மானியோடு காற்றுப் புகாத கவருக்குள் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். எவ்வளவு கூடக் குறைய இருக்கிறதோ அதைப் பெட்டி மேலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டையும் பார்க்காமல் அடை வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஈரப்பதம்தான் நம் பக்கத்தில் ரொம்பவும் படுத்தும் விஷயம். கோழிக்கு முதல் 18 நாள் 45 முதல் 55 சதவீதம், அப்புறம் 65 முதல் 70 என்று எல்லாரும் சொல்வார்கள். பெட்டியோடு வந்த தாளில் இரண்டு தட்டிலும் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தது. சித்திரையில் அது பொருந்தும். வெளியே 38, 40 டிகிரியில் காய்ந்த காற்று அடிக்கும்போது தண்ணீர் இல்லாமல் பெட்டிக்குள் ஈரப்பதம் 30-ஐத் தாண்டாது. ஐப்பசி மழையில் கதை வேறு. வெளிக்காற்றே ஈரத்தில் நிறைந்திருக்கும், அதை 37.5 டிகிரிக்குச் சூடாக்கினாலும் உள்ளே 45க்கு மேல் நிற்கும். அப்போதும் இரண்டு தட்டையும் நிரப்பினால் குஞ்சு உள்ளேயே மூழ்கிவிடும். மழைக்காலத்தில் கோழி முட்டைக்கு முதல் 18 நாளும் நான் தண்ணீரே வைப்பதில்லை.

மானியைவிட எனக்கு நம்பிக்கை சமையலறைத் தராசில். முட்டை 18-ஆம் நாளுக்குள் தன் எடையில் 12 முதல் 13 சதவீதம் இழக்க வேண்டும். பத்து சிறுவிடை முட்டை 400 கிராம் என்றால் 50 கிராம் அளவுக்குக் குறைய வேண்டும். ஒன்பதாம் நாள் 25 கிராம் குறைந்திருந்தால் சரியான பாதை. அதைவிட வேகமாகக் குறைந்தால் தண்ணீர் கூட்டலாம், மெதுவாகக் குறைந்தால் தண்ணீர்த் தட்டை எடுத்துவிடலாம். இன்னொன்று, எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். ஈரத்துக்கு வைக்கும் பஞ்சு சீக்கிரமே வெள்ளை பூத்துக் கல்லாகிறது. முற்றத்து மழைநீரை அண்டாவில் பிடித்து வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறதே, அந்தத் தண்ணீரை ஊற்றினால் இந்தத் தொல்லை இல்லை.

பெட்டி இருக்கும் இடமும் முக்கியம். மாடியில் காங்கிரீட் தளத்துக்குக் கீழே வைத்திருந்தால் மே மாதம் ஹீட்டர் அணைந்திருந்தும் உள்ளே சூடு ஏறும், ஏனென்றால் கடைசி வாரத்தில் கருவே வெப்பம் தரும். குளிரைக் கரு கொஞ்சம் தாங்கும், சூட்டைத் தாங்காது. வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் உள்ள அறை வெயில் காலத்திலும் அவ்வளவாக ஏறி இறங்காது. அப்படி ஓர் அறை இருப்பவர்கள் அதையே பெட்டிக்குக் கொடுங்கள்.

அடை வைக்கும் முன் முட்டை சேர்ப்பதற்கும் இதே கவனம் தேவை. 27 டிகிரியைத் தாண்டினால் கரு அரைகுறையாக வளர ஆரம்பித்து வலுவிழக்கும். அதனால் சித்திரை, வைகாசியில் மூன்று நாளுக்கு மேல் சேர்ப்பதில்லை. தை, மாசியில் ஒரு வாரம் வரை தாங்கும். ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் வைக்கோல் போட்டு, கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி, மேலே ஈரச் சாக்கைப் போர்த்தினால் அறையைவிட நன்றாகவே குளிர்ந்திருக்கும். சந்தையில் வாங்கிய முட்டையோ பஸ்ஸில் வந்ததோ, ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டுத்தான் பெட்டிக்குள் போக வேண்டும்.

வாத்துக்கு 28 நாள். கோழிக்கு 18-ஆம் நாளும் வாத்துக்கு 25-ஆம் நாளும் முட்டையைத் திருப்புவதை நிறுத்த வேண்டும். வாத்தை வைத்து ஏழு நாள் கழித்துக் கோழியை வைத்தால் இரண்டும் ஒரே நாளில் பொரிக்கும் என்று பலர் ஒன்றாக வைக்கிறார்கள். கணக்கு சரிதான், ஆனால் கடைசி இரண்டு நாள் சிக்கல். கோழிக்குஞ்சு ஓட்டைக் கொத்திய பிறகு பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வெளியே வரும். வாத்துக்கு இரண்டு நாள் வரை ஆகலாம். கோழிக்குஞ்சை எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஈரம் பறந்து, பாதி கொத்திய வாத்தின் சவ்வு காய்ந்து இறுகிவிடும். பொரிப்பதற்கு மட்டும் ஒரு சின்னத் தெர்மாகோல் பெட்டி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்த குஞ்சுக்கு வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது. இரண்டு நாள் தீனி இல்லாமல் நன்றாக இருக்கும், அவசரப்பட்டு எடுக்க வேண்டியதில்லை. கண்மாயில் வாத்து மேய்க்கும் அண்ணன் ஒருவர் சொன்னது இது: "கொத்திப்புட்டு ஒரு நாள் சும்மா படுத்துக் கிடக்கும் தம்பி, தொட்டுறாதீக."

அந்த நேரத்தில் ஈரத்தைக் கூட்ட வேண்டும் என்று காற்றுத் துளையை அடைக்கவே கூடாது. ஓட்டுக்குள் நுரையீரலால் மூச்சு விடத் தொடங்கிய குஞ்சுக்குக் காற்று அதிகம் வேண்டும். தண்ணீர்த் தட்டை அகலமாக்கி ஈரத்தைக் கூட்டுங்கள், துளை முழுதாகத் திறந்தே இருக்கட்டும்.

வாத்து முட்டையில் சேறும் எச்சமும் ஒட்டியிருக்கும். லேசான அழுக்கைக் காய்ந்த துணியால் துடைக்கலாம். மிக அழுக்கானதை அடை வைக்காதீர்கள். உள்ளே அழுகி வெடித்தால் பெட்டி முழுதும் கிருமி பரவும். பத்தாம் நாளுக்கு மேல் தினமும் ஒருமுறை பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைப் புகை மாதிரித் தெளித்தால் வாத்து நன்றாகப் பொரிக்கிறது.

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் போகும் நாளில் விசிறியை மட்டும் இன்வெர்ட்டரில் ஓட்டினால் வெயில் காலத்தில் போதும். மார்கழி என்றால் மேலே கம்பளி போர்த்த வேண்டும், காற்றுத் துளையை விட்டுவிட்டு.

பெட்டியில் எது நிலைத்தது என்று கேட்டால், விசிறியும் சுவரும் நன்றாகவே இருக்கின்றன. சாய்க்கும் மோட்டார் ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது, அதன் கிண்ணங்களும் வாத்து முட்டைக்குச் சிறியவை. வாத்து முட்டையைப் படுக்க வைத்துக் கையால் நாளைக்கு ஐந்துமுறை புரட்டுகிறேன். ஒரு பக்கம் எக்ஸ், மறுபக்கம் ஓ என்று பென்சிலில் போட்டால் குழப்பம் வராது. சூட்டுக்கு ஒற்றை பல்பு உள்ள மாடலை வாங்காதீர்கள். ராத்திரியில் அது போனால் காலை வரை யாருக்கும் தெரியாது. இரண்டு பல்பு தனித்தனி இணைப்பில் உள்ளதா என்று கடையிலேயே ஒன்றைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள்.