எஃப்-150க்கு விண்டர் டயர்: ப்ளிஸாக்கா, எக்ஸ்-ஐஸா?

உங்கள் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் 20 இஞ்ச் ரிம்மோடு வந்ததா? விண்டர் செட்டை 18 இஞ்சிலேயே வாங்குங்கள். 275/55 ஆர் 20 டயருக்குப் பதில் 275/65 ஆர் 18 டயர் போட்டால் மொத்த விட்டம் 4 மி.மீ. தான் கூடும், ஸ்பீடோமீட்டரில் வித்தியாசமே தெரியாது. பக்கச்சுவரோ 28 மி.மீ. உயர்ந்துவிடும். டொராண்டோவில் பனி உருகியதும் ரோட்டில் வாய் பிளக்கும் குழிகளில் ரிம் நெளியாமல் காப்பாற்றுவது அந்த உயரம்தான்.

கோடை டயரைக் கழற்றிவிட்டு அதே ரிம்மில் விண்டர் டயரை ஏற்றுவது சிக்கனம் போலத் தெரியும். ஆண்டுக்கு இரண்டு முறை பிடுங்கி மாட்டினால் டயரின் பீட் (ரிம்மைக் கவ்வும் ஓரம்) கிழிந்து காற்றுக் கசியலாம். தனி ரிம்மே நல்லது. 2015 முதல் 2020 வரையான மாடலுக்கு 6 போல்ட், அவை அமையும் வட்டம் 135 மி.மீ., நடுத்துளை 87.1 மி.மீ., நட் மரை 14 மி.மீ. × 1.5. "ஆறு போல்ட்தானே" என்று யாராவது செவர்லே சில்வராடோ ரிம்மைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதன் வட்டம் 139.7. நடுத்துளை பெரிதாக இருக்கும் ரிம்மானால் அளவான வளையம் போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஹைவேயில் ஸ்டீயரிங் நடுங்கும். எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் நிற்காது.

இனி டயர். பிரிட்ஜ்ஸ்டோன் ப்ளிஸாக் டிஎம்-வி2 புதிதாக இருக்கும்போது வழுக்குப் பனியில் கெட்டியாகப் பிடிக்கும். ஆனால் அதன் நுண்துளை ரப்பர் மேல்பக்கம் சுமார் 55 சதவீதம் வரைதான். அது தேய்ந்தபின், டயர் பட்டையின் பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் பனியில் பழைய பிடி கிடைக்காது. மிஷலின் எக்ஸ்-ஐஸ் ஸ்னோ எஸ்யூவியில் ஒரே ரப்பர் அடிவரை போகிறது. தினமும் ஹைவேயில் ஓடும் வண்டிக்கு எக்ஸ்-ஐஸையே சொல்வோம். உப்புப் போடாத கிராமத்துச் சாலையில் குறைவாக ஓடும் வண்டிக்கு ப்ளிஸாக். பத்து பிளை எல்டி டயர் (பாரம் தாங்கும் கெட்டி டயர்) பனிக்கலப்பை மாட்டுபவர்களுக்கும் பாரம் இழுப்பவர்களுக்கும்தான். பின்பெட்டி காலியாக ஓடினால் முதுகை உலுக்கிவிடும். எதுவானாலும் மலைக்குள் பனிப்பூ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் எம்+எஸ் (சேறு, பனி) எழுத்து போதாது. ஃபோர்-வீல் டிரைவ், வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. அதனால் நான்கையும் மாற்றுங்கள்.

மாட்டும்போது ரிம் உட்காரும் ஹப் முகத்தில் படிந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எடுங்கள். துருவின் மேல் ரிம் உட்கார்ந்தால், அது உதிர்ந்ததும் நட் தளரும். நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக 150 ஃபுட்-பவுண்டுக்கு முறுக்கி, 100 கி.மீ. ஓடியபின் மறுபடி டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளக்கும் ஸ்பேனர்) வையுங்கள். போல்ட் மரையில் கிரீஸ் தடவாதீர்கள். அதே டார்க்கில் நட் அளவுக்கு மீறி இறுகி போல்ட்டை இழுத்துவிடும்.

காற்றைக் காலையில், வெளியே குளிரில் நிற்கும்போதே பாருங்கள். 20 டிகிரி வெப்பமுள்ள கராஜில் 35 பி.எஸ்.ஐ. அடித்துவிட்டு மைனஸ் 15இல் வெளியே விட்டால் 29க்கு இறங்கிவிடும். குளிர் இன்னும் கூடினால் டேஷ்போர்டில் காற்றழுத்த மஞ்சள் விளக்கு எரியலாம். பலரும் சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்குவது இதனால்தான்.

பின்பக்கம் எடை வேண்டுமென்றால் மணல் மூட்டைகளை ஆக்சிலுக்கு நேர் மேலே கட்டி வையுங்கள். டெயில்கேட் (பின்கதவு) ஓரம் வைத்தால் முன்சக்கரத்தின் பாரம் குறைந்து ஸ்டீயரிங் பிடி தளரும்.