பள்ளிக் கழிவறையில் எரிவாயு: விடுதிக்கு ஒரு வழி, பகல் பள்ளிக்கு வேறு வழி

பள்ளிக் கழிவறைக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கலாமா என்று யாராவது கேட்டால், பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்களா, மாலையில் வீட்டுக்குப் போய்விடுகிறார்களா என்றுதான் நான் முதலில் கேட்பேன். பதில் தெரியாமல் எந்தக் கலன் (கழிவு நொதித்து வாயு சேரும் தொட்டி) நல்லது என்று பேசுவது வீண்.

கணக்கைப் பாருங்கள். பொதுக் கழிவறைகள் கட்டி நடத்தும் சுலப் நிறுவனம் தன் அனுபவத்தை வைத்துச் சொல்லும் அளவு, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கன அடி வாயு, அதாவது சுமார் 28 லிட்டர். 300 பேர் தங்கும் விடுதியில் 8.4 கன மீட்டர் வரும். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 0.45 கிலோ சமையல் கேஸுக்குச் சமம், ஆக நாலு நாளைக்கு ஒரு வீட்டு சிலிண்டர் மிச்சம். அதே 300 பேர் பகல் பள்ளியில் என்றால் பெரும்பாலும் சிறுநீர்தான். பத்தில் ஒரு பிள்ளை மலம் கழிக்கிறது என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 400 கிராம் கேஸ்கூடத் தேறாது, அதுவும் சனி, ஞாயிறு, கோடை விடுமுறை எல்லாம் போக, பள்ளி நடக்கும் நாளில் மட்டும்தான். இதற்குப் போய் ஒரு கலனைக் கட்டிப் பராமரிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பகல் பள்ளிக்கு என் ஓட்டு இரட்டைக் குழிக்கு. ஒரு குழி நிறைந்ததும் அடைத்துவிட்டு மற்றதுக்குத் திருப்பிவிட வேண்டியதுதான். ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தால் நம் ஊர் வெப்பத்தில் கிருமிகள் பெரிதும் அழிந்து, உள்ளே இருப்பது மண் மாதிரி ஆகிவிடும், அதை உரமாகத் தோண்டி எடுக்கலாம். செப்டிக் டேங்கில் இந்த வசதி கிடையாது. லாரி வந்து பச்சைக் கசடை உறிஞ்சிக்கொண்டு போகும், அது எங்கே கொட்டப்படுகிறது என்று பள்ளி கேட்பதும் இல்லை. ஆனால் நிலத்தடி நீர் மேலேயே இருக்கிற டெல்டா ஊர்களில் குழி வேண்டாம், கிணறு கெட்டுவிடும். சத்துணவில் மிஞ்சும் சோறும் காய்க்கழிவும் போட, தனியாக ஒரு சின்ன மிதவைக் கலன் (வாயு சேரச் சேர மேல்மூடி மிதந்து உயரும் வகை) போதும், சாணம் கரைத்து ஊற்றித் தொடங்கலாம்.

விடுதி என்றால் கதையே வேறு. அங்கே கழிவறையையும் சமையலறையையும் ஒரே கலனில் இணைக்க வேண்டும், ஏனென்றால் மலத்தில் நைட்ரஜன் அதிகம், கரிமம் குறைவு. காய்க்கழிவும் சாணமும் சேர்ந்தால்தான் சமன்படும். கலன் வகையில் நான் 1984-இல் வந்த தீனபந்து மாதிரியைச் சொல்வேன்: பூமிக்கடியில் செங்கல் குவிமாடம், துருப்பிடிக்க ஒன்றுமில்லை. கொத்தனார் தேர்ந்தவராக இருக்க வேண்டும், ஒரு விரிசல் விட்டாலும் வாயு கசியும். இரும்பு மிதவை உயரும்போதே எவ்வளவு வாயு இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், அது நல்ல வசதிதான், ஆனால் விளிம்பில் கழிவுக் குழம்பு திறந்து கிடப்பதால் கழிவறைக்கு அது ஒத்துவராது (மிதவையின் விளிம்பு தண்ணீர் நிரம்பிய வளையத்துக்குள் இருக்கும் நீர் உறை மாதிரி என்றால் சரி).

பலரும் கவனிக்காத விஷயம் தண்ணீர். குழம்பு உள்ளே 30 நாளாவது தங்க வேண்டும். ஆளுக்கு 10 லிட்டர் ஃப்ளஷ் என்றால் 300 பேருக்கு 90 கன மீட்டர் தொட்டி. குவளையால் 2 லிட்டர் ஊற்றினால் 18 கன மீட்டரில் முடிந்துவிடும். குளியல் நீரைக் கண்டிப்பாக உள்ளே விடாதீர்கள். பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர் இவற்றில் எது உள்ளே போனாலும் வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும், கழிவறை கழுவுகிறவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் உரம். கலனிலிருந்து வரும் குழம்பில் நைட்ரஜன் நிறைய, ஆனால் குடற்புழு முட்டைகள் அந்த 30 நாளில் சாகாது. அதனால் அப்படியே கீரைப் பாத்திக்கு விடக்கூடாது; உலர்த்தி, ஒரு வருடத்துக்கு மேல் ஆறப்போட்டுத்தான் மண்ணில் சேர்க்க வேண்டும். அந்த இடமும் பொறுமையும் இல்லாத விடுதி தென்னை வரிசையில் குழி தோண்டி உள்ளே விட்டு, மண்ணால் மூடிவிடட்டும்.