ஜம்பியானி விடுதி: அஷ்டமி, நவமி பார்த்துப் போங்கள்

தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவின் கிழக்குக் கரையில் ஜம்பியானி என்ற நீளமான மீனவ ஊர் இருக்கிறது. அதன் தெற்குக் கோடியில், மணலை ஒட்டி ஆறே அறைகள் உள்ள ஒரு குடும்ப விடுதியில் அம்மா, பையன், நான் மூவரும் போன ஜூலையில் தங்கினோம். விடுதியின் பெயரைப் போடப் போவதில்லை. ஆறே அறைகள், அடுத்த ஜூலையிலும் எனக்கு ஒன்று வேண்டும். ஆனால் இந்தக் கரையில் இதே மாதிரி விடுதிகள் வரிசையாக இருக்கின்றன. இங்கே சொல்வதில் முக்கால்வாசி அவற்றுக்கும் பொருந்தும்.

திரும்பப் போவேனா என்றால் போவேன். கேட்கிற எல்லோருக்கும் சிபாரிசு செய்வேனா என்றால் மாட்டேன். அதற்குக் காரணம் விடுதி இல்லை, கடல்.

விளம்பரப் படங்களில் பார்க்கும் அந்தப் பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர் பொய்யில்லை. நாள் முழுக்க அங்கேயே நிற்காது, அவ்வளவுதான். பாஜே, ப்வேஜூ, ஜம்பியானி என்று இந்தப் பக்கம் முழுவதும் கரைக்கும் பவளப்பாறைத் திட்டுக்கும் நடுவே ஆழமில்லாத சமதரை. நீர் வற்றினால் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குக்கூட ஈர மணலும் பாசியும் குட்டைகளும்தான். முதல் நாள் காலை பத்து மணிக்கு வாசலில் நின்று அம்மா, "என்னடி, கடலைக் காணோம்?" என்றார். பையன் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து நின்றவன், அதைக் கழற்றவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை.

அன்று பௌர்ணமிக்கு மறுநாள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே நீர்மட்டம் சுமார் 4 மீட்டர் ஏறி இறங்கும். அதிகாலை நான்கு மணி வாக்கிலும் மாலை நான்கு மணி வாக்கிலும் ஏறி நிற்கும். காலை பத்து, பத்தரைக்கு அடியோடு வற்றிவிடும். அப்புறம் ஒவ்வொரு நாளும் இந்த நேரம் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஒரு வாரம் கழித்து, வளர்பிறையோ தேய்பிறையோ, அஷ்டமி நவமி வரும்போது கதை தலைகீழ். முற்பகல் பத்து, பதினொன்றுக்குத் தண்ணீர் கரைக்கு வந்துவிடும், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசமும் பாதிக்குக் கீழே குறைந்துவிடும். நல்ல காரியத்துக்கு நாம் தள்ளிவைக்கிற அந்த இரண்டு திதிகள்தான் ஜம்பியானியில் குளிக்கத் தோதானவை. டிக்கெட் போடுவதற்கு முன்னால் தினசரி நாள்காட்டியை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

விடுதிக்காரர் எதையும் மறைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அறை உறுதியானதுமே அந்த வாரத்துக்கான ஏற்ற இறக்க நேரங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் கரும்பலகையிலும் தினமும் எழுதுகிறார். பள்ளி விடுமுறை எங்களுக்கு வேறு தேதியைத் தரவில்லை. ஊருக்குத் திரும்பும் சமயத்தில் காலை உணவு முடிந்த கையோடு தண்ணீர் இடுப்பளவு வந்துகொண்டிருந்தது. பையன் அப்போதுதான் சிரித்துப் பேச ஆரம்பித்தான்.

குளிப்பதற்காக மட்டுமே போகிறவர்கள் வடக்கே நுங்வி, கெந்த்வா பக்கம் பாருங்கள். அங்கே கடல் சீக்கிரம் ஆழமாகிவிடுவதால் எந்நேரமும் இறங்கலாம். வாடகையும் கூட்டமும் அதிகம், இரவில் பாட்டுச் சத்தமும் இருக்கும்.

அம்மாவைக் கேட்டால் தண்ணீர் இல்லாத கடலுக்காகவே ஜம்பியானிக்கு வரலாம் என்பார். இரண்டாம் நாள் காலையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தவரை நானும் பையனும் பின்தொடர வேண்டியதாயிற்று. கொஞ்ச தூரம் போனதும் மணலில் குச்சிகள் வரிசை வரிசையாக நட்டிருந்தன. குச்சிக்குக் குச்சி கயிறு, கயிறு நெடுகச் சாண் இடைவெளியில் கடற்பாசிக் கொத்துகள். பெண்கள் கணுக்கால் தண்ணீரில் உட்கார்ந்து ஒவ்வொரு கொத்தாக முடிந்துகொண்டிருந்தார்கள். 1980களின் கடைசியில் இந்த ஊர்களில் தொடங்கிய தொழில் இது, பெரும்பாலும் பெண்கள் கையில்தான் இருக்கிறது. காய்ந்த பாசி கப்பலேறிப் போய், பற்பசையையும் ஐஸ்கிரீமையும் கெட்டியாக்கும் பொருளாகிறது. நல்ல விலை போகிற தடித்த ரகம் கடல் சூடேற ஏற அழுகிப் போவதால், இப்போது மெல்லிய ரகத்தைத்தான் அதிகம் போடுகிறார்கள். கூட வந்த விடுதிப் பெண் கேட்டுச் சொன்னதில்தான் இதெல்லாம் தெரிந்தது. அம்மா தானும் ஒரு முடிச்சுப் போட்டுப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் அதைச் சிரித்துக்கொண்டே அவிழ்த்து, மறுபடி தானே கட்டினார். அம்மாவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

அவர்களைப் படம் எடுப்பதென்றால் முதலில் கேளுங்கள். அது அவர்கள் வேலை செய்கிற இடம். காலில் ரப்பர் காலணி கட்டாயம், குட்டைகளில் கருப்புக் கடல் முள்ளெலிகள், அதாவது முள் உருண்டை மாதிரி கடலுயிர்கள், கிடக்கின்றன. விடுதியில் இரவல் காலணி உண்டு, ஆனால் எல்லாம் ஆண்கள் அளவு. பாறைத் திட்டு வரை நடக்க ஆசைப்பட்டால் உள்ளூர் ஆள் ஒருவரோடு போங்கள். நீர் ஏறும்போது முன்னால் இருந்து மட்டும் வராது, பின்னால் உள்ள பள்ளங்களையும் நிரப்பிக்கொண்டு வரும்.

அறையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காலை உணவோடு ஓர் இரவுக்கு 55 டாலர், மூன்று படுக்கை, கொசுவலை, மின்விசிறி. ஏசி இல்லை. ஜூலையில் தென்கிழக்குக் காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் குறை தெரியவில்லை, ஜனவரி, பிப்ரவரியில் அதே அறை வெந்துவிடும். குழாய்த் தண்ணீர் லேசான உப்பு, தலைமுடி பிசுபிசுத்தது. குடிக்கத் தனியாகக் கேன் தருகிறார்கள். எங்கள் கொசுவலையில் கை நுழைகிற ஓட்டை. சொன்னதும் தைத்துக் கொடுத்தார்கள், ஆனால் நாங்கள் சொல்லும்வரை அது அவர்கள் கண்ணில் படவில்லை. வைஃபை சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டாது. அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய வரி, ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கடைசியில் தனியாகச் சேரும். பதிவு செய்யும்போதே எவ்வளவு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடுதான் இந்த விடுதியின் பலம். இரவுச் சாப்பாட்டைக் காலையிலேயே சொல்லிவிட வேண்டும், அதன் பிறகுதான் மீன் வாங்கப் போவார்கள். தேங்காய்ப்பாலில் வேகவைத்த கணவாய் மாதிரி ஒன்று வந்தது. பையன் ஒரு வாய் போட்டுவிட்டு, "இது கணவாய் இல்லை, ஆக்டோபஸ்" என்று அறிவித்துவிட்டு முழுத் தட்டையும் காலி செய்தான். அம்மா சைவம், அதனால்தான் எனக்குக் கவலை. சமையல்கார அம்மாள் தனிச் சட்டியில் சிவப்புப் பயறைத் தேங்காய்ப்பால் விட்டு இறக்கினார், தண்டுக்கீரையை வெங்காயம் தக்காளியோடு வதக்கினார், கூடவே அடுக்கடுக்காகப் பிரிகிற சப்பாத்தி. "உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல், மத்தபடி நம்ம வீட்டுக் கைதான்" என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். தீவின் பழைய நகரமான ஸ்டோன் டவுனில் இறங்கும்போது உரோஜோ என்கிற புளிப்பு மஞ்சள் சூப்பைத் தவறவிடாதீர்கள். மாங்காய்ப் புளிப்பு, உள்ளே பஜ்ஜி, உருளைக்கிழங்கு, மேலே மொறுமொறு மரவள்ளிச் சீவல். சைவம் என்றால் இறைச்சி, முட்டை வேண்டாமென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஏற்பாடு பண்ணுகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்குத் தான்சானியாவின் இணைய விசா 50 டாலர். சான்சிபாருக்குத் தனி விசா கிடையாது, ஆனால் தான்சானியப் பெருநிலத்தில் உள்ள தார் எஸ் சலாம் நகரிலிருந்து படகில் போனாலும் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டுப் பயணிகள் சான்சிபார் அரசுக் காப்பீட்டு நிறுவனத்திடமே 44 டாலர் காப்பீடு எடுத்தாக வேண்டும். உங்களிடம் ஏற்கெனவே வேறு பயணக் காப்பீடு இருந்தாலும் அது கணக்கில் வராது. முந்தின இரவே இணையத்தில் கட்டிவிட்டதால் துறைமுகத்தில் நிற்க வேண்டியிருக்கவில்லை. பழைய டாலர் நோட்டுகளை, முக்கியமாக 2006க்கு முந்தியவற்றை, யாரும் வாங்க மாட்டார்கள். பிளாஸ்டிக் பைக்கு நாடு முழுவதும் தடை, கடைப் பையில் துணி சுற்றிக் கொண்டுபோகாதீர்கள். மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெருமழைக் காலம். வாடகை சரியும், பல விடுதிகள் மூடியும் கிடக்கும்.

ஸ்டோன் டவுனிலிருந்து ஜம்பியானிக்கு வாடகைக் காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். விடுதி அனுப்பிய ஓட்டுநர் 40 டாலர் வாங்கினார். 309ஆம் எண் டாலாடாலாவில், அதாவது உள்ளூர் சிற்றுந்தில், சில ஆயிரம் ஷில்லிங்கில் போய்விடலாம், முழங்காலை மடக்கி உட்கார முடிகிறவர்களுக்கு அது போதும். வழியில் ஜொசானிக் காட்டில் செங்குரங்குகளைப் பார்த்தோம். இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம், நம்மைச் சட்டை செய்யாமல் தலைக்கு மேலே தின்றுகொண்டிருந்தது. கிசிம்காசி டால்ஃபின் சவாரிக்கு ஓட்டுநர் ரொம்பவே வற்புறுத்தினார். பத்துப் படகுகள் சேர்ந்து நாலு டால்ஃபினைத் துரத்துகிற காட்சிக்குப் பணம் கொடுக்க எனக்கு மனமில்லை.

கடைசியாகப் படகு. போக இரண்டு மணி நேரம், சுகமான பயணம். ஜூலை, ஆகஸ்டில் தார் எஸ் சலாமுக்குத் திரும்பும்போது எதிர்க்காற்று, படகு குதிக்கும். முன்வரிசையில் உட்காராதீர்கள், பின்பக்கம் நடுவில் இடம் பிடியுங்கள். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பணியாளர்கள் வாந்திப் பையை நீட்டிக்கொண்டே வருவார்கள். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கி மடியில் வையுங்கள். உங்களுக்கு இல்லாவிட்டாலும் பக்கத்து இருக்கைக்காரருக்கு ஆகும்.