பி.வி.சி. பசையும் வீட்டுக் குழாய்களும்: பல ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

வீட்டுக் குழாய் வேலைக்குப் பசை வாங்கப் போனால், எந்தக் கம்பெனியின் பசை நல்லது என்றுதான் பலரும் கேட்கிறார்கள். மாடித் தொட்டி முதல் சமையலறை வரை எங்கள் வீட்டு இணைப்புகளைப் பல ஆண்டுகளாக நானே ஒட்டிப் பழுதுபார்த்து வருகிறேன். அந்தக் கேள்விக்கு நான் இரண்டாம் இடம்தான் தருவேன். ஒட்டப்போவது எந்தப் பிளாஸ்டிக் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீருக்கு யு.பி.வி.சி. எனும் சாதாரண பி.வி.சி. குழாயும், ஹீட்டரிலிருந்து வரும் வெந்நீருக்குச் சூடு தாங்கும் சி.பி.வி.சி. குழாயும், மாடியில் பாலிஎத்திலீன் தொட்டியும் உள்ளன. குழாய்கள் இரண்டுக்கும் பயன்படுவது, பிளம்பர்கள் ‘சொல்யூஷன்’ என்று சொல்லும் சால்வென்ட் சிமெண்ட். இது இரண்டு பரப்புகளுக்கு நடுவே நின்று பிடித்துக்கொள்ளும் கோந்து அல்ல. இதிலுள்ள டெட்ராஹைட்ரோஃப்யூரான் போன்ற கரைப்பான்கள் குழாயின் வெளிப்புறத்தையும் எல்போ எனும் வளைவு இணைப்பின் உட்புறத்தையும் இளக்கிவிடுவதால், இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, கரைப்பான் ஆவியானதும் ஒரே பிளாஸ்டிக்காக இறுகிவிடுகின்றன. ஆகவே ஒட்டிய இணைப்பைப் பிரிக்க முடியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டுக்கும் ஒரே டப்பாவை வைத்துக்கொண்டு வேலையை முடிப்பவர்கள் உண்டு. சாதாரண பி.வி.சி. குழாய் ஏறத்தாழ 60 டிகிரி வரைதான் தாங்கும், சி.பி.வி.சி. 93 டிகிரி வரை தாங்கும். அந்தச் சூட்டுக்கென்று செய்த பசை தனியாக இருக்கிறது, டப்பாவின் மேல் சி.பி.வி.சி. என்றே அச்சிட்டிருப்பார்கள். வெந்நீர்க் குழாய்க்கு அதைத் தவிர வேறொன்றை நான் தொடுவதில்லை.

ஆயினும் நான் பார்த்த கசிவுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பசை காரணமில்லை, பூசிய விதம்தான் காரணம். ஹீட்டருக்கு மேலே சொட்டிக்கொண்டிருந்த ஒரு எல்போவை அறுத்துப் பிளந்து பார்த்தபோது, குழாயின் ஒரு பக்கத்தில் மட்டும் பசை இறுகியிருந்தது. சுவரை ஒட்டிய பக்கம் பிரஷ்ஷே படாமல் புதுக்குழாய் போலப் பளபளத்தது. ஒட்டுவதற்கு முன் குழாயை ஹேக்ஸா பிளேடால் நேராக அறுத்து, விளிம்பில் நிற்கும் பிசிறைக் கத்தியால் சுரண்டிவிட வேண்டும். விட்டால், குழாயை உள்ளே தள்ளும்போது அந்தப் பிசிறே பசையை வழித்துக்கொண்டு போய்விடும். ஈரமும் தூசியும் இல்லாமல் துடைத்தபின், குழாயில் தாராளமாகவும் எல்போவின் உள்ளே மெல்லியதாகவும் பூசி, கால் சுற்றுத் திருப்பியபடி அடிவரை தள்ளி, அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். எல்போவின் உட்புறம் சற்றே சரிவாக இருப்பதால், கையை உடனே எடுத்தால் குழாய் தானாகவே வெளியே நகர்ந்துவிடும். விளிம்பைச் சுற்றிலும் பசை வளையம் போலப் பிதுங்கி நின்றால் உள்ளே எங்கும் பரவியிருக்கிறது என்று கொள்ளலாம். அதன்பின் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் திறப்பதில்லை என்பது எங்கள் வீட்டு விதி. ஒரு மணி நேரத்தில் மோட்டாரைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று வேலைக்கு வருபவர்கள் அவசரப்படுத்துவார்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. திருகு மரை உள்ள இடங்களில் பசையே கூடாது, டெஃப்லான் டேப் போதும்.

பாலிஎத்திலீன் தொட்டியின் கதை வேறு. அதன் பரப்பில் எந்தப் பசையும் எளிதில் பற்றாது. சால்வென்ட் சிமெண்ட் அதைக் கரைப்பதே இல்லை. எபாக்சியைப் பிசைந்து வைத்தாலும் சிலிக்கான் பூசினாலும், வெயிலில் தொட்டி விரிந்து சுருங்கச் சுருங்க ஓரத்திலிருந்து பெயர்ந்து வந்துவிடுகிறது. விரிசலுக்கு அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கிச் சூட்டில் பற்றவைப்பதுதான் வழி. எங்கள் தொட்டியில் அப்படி அடைத்த இடம் இன்றுவரை கசியவில்லை.

குளியலறைச் சுவரின் பி.வி.சி. பலகைகளுக்கு ரப்பர் வகைப் பசை நன்றாக உழைக்கிறது. இரு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காயவிட்டு, பிறகே அழுத்த வேண்டும். முதலில் வைத்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும் என்பதால் பென்சில் கோடு போட்டுக்கொள்வது நல்லது. ஓரங்களை அடைக்கும் சிலிக்கானில் புளித்த காடி வாடை வீசும் வகை உலோகத்தை அரிக்கக்கூடும். குழாய்த் தலைகளுக்கு அருகே வாடையற்ற நியூட்ரல் வகையே ஏற்றது.

சால்வென்ட் சிமெண்டைப் பெரிய டப்பாவாக வாங்குவது வீட்டுக்கு வீண். திறந்தபின் கெட்டியாகிக்கொண்டே போகும். கூழாகிவிட்டால் தின்னர் ஊற்றிப் பயன்படுத்தாமல் எறிந்துவிட வேண்டும். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால், சமையலறையில் ஒட்டும் நாட்களில் அடுப்பை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவைத்த பிறகே டப்பாவைத் திறக்கிறேன்.