காகிதமா, சென்சாரா? புதிதாகப் பொருத்திய 3டி பிரிண்டரைச் சரிசெய்யும் வழிகள்

உதிரிபாகங்களை வாங்கி வீட்டிலேயே பொருத்திய 3டி பிரிண்டர் முதல் நாளே ஒழுங்காக அச்சிடுவது அரிது. முதல் அடுக்கு தளத்தில் ஒட்டாது. ஒட்டினால் ஓரம் மேலே சுருண்டு எழும். அதுவும் சரியானால், பாதி உயரத்தில் அடுக்குகள் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். ஒவ்வொரு கோளாறுக்கும் இரண்டு மூன்று வைத்தியம் சொல்வார்கள். எல்லாமே யாரோ ஒருவருக்குப் பலித்தவைதான். அவற்றில் எதை முதலில் எடுப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே. கோளாறை மறைத்து அச்சை வரவழைக்கும் வழியைவிட, கோளாறு எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் வழியே புது இயந்திரத்துக்கு நல்லது.

இங்கே நான் பேசுவது ஐ3 வகை இயந்திரத்தைப் பற்றி. 2005-ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய ரெப்ராப் என்னும் திறந்த மூல 3டி பிரிண்டர் திட்டத்தின் வழியில், செக் நாட்டு யோசப் ப்ரூஷா 2012-ல் வெளியிட்ட வடிவம் அது. வீட்டில் பொருத்தும் இயந்திரங்களில் பெரும்பங்கு இதன் சாயலில்தான் இருக்கின்றன. தளம் முன்னும் பின்னும் போகும். உருகிய பிளாஸ்டிக்கை வெளியே விடும் முனையான நாசில் இடமும் வலமும் போகும். நாசிலைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை இரு பக்கமும் உள்ள இரண்டு மோட்டார்கள் மேலே தூக்கும்.

முதல் போட்டி, தளத்தின் உயரத்தைச் சரிசெய்வதில். காகிதத்தை வைத்துக் கையால் செய்யலாம், சென்சார் பூட்டி இயந்திரத்தையே செய்யச் சொல்லலாம்.

காகித முறைக்கு 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று போதும். அதன் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ. பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக் இழைக்கு ஏற்றபடி தளத்தை 60 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு, நாசில் முனையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கைத் துடைத்து எடுக்க வேண்டும். நாசிலுக்கும் தளத்துக்கும் நடுவே தாளை நுழைத்து இழுத்தால் லேசாக உரச வேண்டும். சிக்கவும் கூடாது, வழுக்கிக்கொண்டு வரவும் கூடாது. நான்கு மூலையையும் ஒரு சுற்று முடித்தபின் மறுபடி ஒரு சுற்று வர வேண்டும், ஏனென்றால் ஒரு மூலைத் திருகைத் தொட்டால் மற்ற மூலைகளும் கொஞ்சம் அசையும். அதன்பின் ஒரே அடுக்கில் ஒரு சதுரத்தை அச்சிட்டுப் பாருங்கள். கோடுகள் உருண்டையாக, ஒன்றோடொன்று சேராமல் கிடந்தால் நாசில் உயரத்தில் இருக்கிறது. மேற்பரப்பு சொரசொரப்பாகி, பிளாஸ்டிக் இரு பக்கமும் வரப்பாகப் பிதுங்கினால் அளவுக்கு மீறி இறங்கிவிட்டது.

சென்சார் இந்த வேலையை மிச்சப்படுத்துகிறது என்பது பாதி உண்மை. பிஎல்டச் போன்றவை சிறு ஊசியை இறக்கித் தளத்தைப் பல இடங்களில் தொட்டு, மேடு பள்ளத்தை ஒரு வரைபடமாக்கி, அச்சிடும்போது அதற்கேற்ப நாசிலை ஏற்றி இறக்குகின்றன. தளத்தின் நடுப்பகுதி குழிந்திருந்தால் நான்கு மூலைத் திருகுகளால் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே சென்சார்தான் உதவும். ஆனால் ஊசி தொடும் புள்ளிக்கும் நாசில் நுனிக்கும் உள்ள உயர வித்தியாசம் சென்சாருக்குத் தெரியாது. அதை நாம்தான் அளந்து சொல்ல வேண்டும், அதற்கும் பெரும்பாலும் அதே தாளைத்தான் எடுக்கிறோம்.

சென்சார் தன் பங்குக்குச் சில கோளாறுகளையும் கொண்டுவரும். இண்டக்டிவ் வகை உலோகத்தை மட்டுமே உணரும். மேலே கண்ணாடியை வைத்தால் அடியிலிருக்கும் அலுமினியம் அதற்கு எட்டாமல் போகலாம். பிரிண்டரை இயக்கும் உள்மென்பொருளான மார்லின் ஃபர்ம்வேரில், அளந்து முடித்தபின், நாசிலைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுபோகும் ஜி28 கட்டளை மறுபடி வந்தால், வேறு அமைப்பு செய்யாதவரை, அந்த வரைபடம் செயலிழந்துவிடும். தொடக்கக் கட்டளைகளில் ஜி28-க்குப் பிறகுதான் தளத்தை அளக்கும் ஜி29 வர வேண்டும். இது தெரியாமல், சென்சாரே பழுது என்று நினைத்துப் புதிது வாங்குகிறவர்கள் உண்டு. வாங்குமுன் எம்48 கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். ஒரே புள்ளியைத் திரும்பத் திரும்பத் தொட்டு, அளவு எவ்வளவு சிதறுகிறது என்று அது காட்டும். சிதறல் அதிகமாக இருந்தால் முதலில் சென்சாரைப் பிடித்திருக்கும் திருகை இறுக்குங்கள்.

இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. குறுக்குச் சட்டத்தின் இடது முனையும் வலது முனையும் அடிச்சட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ளனவா என்று வெர்னியரால் அளந்து பாருங்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் கை பட்டு ஒரு மோட்டார் மட்டும் திரும்பிவிடுவது சகஜம். நிமிர்ந்த சட்டத்தை மூலைமட்டம் வைத்தும் பார்க்க வேண்டும். இந்தச் சாய்வைச் சென்சார் சத்தமில்லாமல் ஈடுகட்டிவிடும். முதல் அடுக்கு அழகாக ஒட்டும், ஆனால் அச்சாகும் கனசதுரம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். காகித முறையில் ஒரு பக்கத் திருகு முழுக்க இறுகியும் எதிர்ப்பக்கம் தளர்ந்தும் நிற்கும்போதே சாய்வு தெரிந்துவிடும். அதனால் 200 மி.மீ. அகலமுள்ள தளத்துக்கு முதலில் காகிதம் என்பதே என் முடிவு. 300 மி.மீ. தளமானால், சட்டம் நேரான பிறகு சென்சாருக்குச் செலவழிப்பது தகும்.

தளத்தின் மேல் கண்ணாடியா, பி.இ.ஐ. என்னும் பிளாஸ்டிக் பூசிய எஃகுத் தகடா? நாள்தோறும் அச்சிட எஃகுத் தகடே வசதி, பி.எல்.ஏ. நன்றாகப் பிடிக்கும், ஆறியபின் தகட்டை வளைத்தால் பொருள் கழன்றுவிடும். வழவழப்பான பி.இ.ஐ. மேல் பி.இ.டி.ஜி. வகை இழை மட்டும் அளவுக்கு மீறி ஒட்டிப் பூச்சைப் பெயர்க்கக்கூடும். கண்ணாடிக்கு விரல் பட்ட எண்ணெய்ப் பசை ஆகாது, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துப் பசைக்குச்சி தடவ வேண்டியிருக்கும். இருந்தாலும் புது இயந்திரத்துக்கு நான் கண்ணாடியையே சொல்வேன். அது சமமானது. அதிலிருந்து எடுத்த பொருளின் அடிப்பக்கம் கண்ணாடிபோல் பளபளக்கும், கோடுகளுக்கு இடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும் தெரியும். சொரசொரப்பான தகடு அதை மறைத்துவிடும்.

அளவு பொருந்தாதபோதும் இரண்டு வழி உண்டு. 20 மி.மீ. கனசதுரத்தை அச்சிட்டு அளந்து, 20.2 இருந்தால் அதற்கேற்ப ஸ்டெப் எண்ணை (1 மி.மீ. நகர மோட்டார் எத்தனை ஸ்டெப் எடுக்க வேண்டும் என்ற எண்ணை) குறைப்பது பலர் செய்வது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், ஒவ்வொரு ஸ்டெப்பையும் பிரிக்கும் மைக்ரோஸ்டெப் 16, 2 மி.மீ. இடைவெளிப் பெல்ட், 20 பல் சக்கரம் என்றால் 3200-ஐ 40-ஆல் வகுக்க 80 வரும். அதில் திருத்த ஒன்றுமில்லை. கூடுதலாக வந்த 0.2 பெரும்பாலும் சுவர் பிதுங்கியதால் வருவது; பொருள் எவ்வளவு பெரிதானாலும் அது ஏறக்குறைய அதே அளவுதான் இருக்கும். எண்ணை 79.2 ஆக்கினால் 100 மி.மீ. பொருள் 99.2 ஆகிவிடும். அளந்து திருத்த வேண்டியது இழையைத் தள்ளும் எக்ஸ்ட்ரூடரின் எண். எக்ஸ்ட்ரூடருக்குள் நுழையும் இடத்திலிருந்து இழையில் 120 மி.மீ. தூரத்தில் குறியிட்டு, நாசில் சூடாக இருக்கையில் மெதுவாக 100 மி.மீ. தள்ளச் சொல்லுங்கள். மீதி 20-க்குப் பதில் 25 இருந்தால் 95 தான் போயிருக்கிறது. பழைய எண் 415 என்றால் புதியது 436.8. மாதிரியை அடுக்குகளாகப் பிரித்துத் தரும் மென்பொருளான ஸ்லைசரில், பிளாஸ்டிக் பாயும் அளவைக் குறிக்கும் ஃப்ளோ சதவீதத்தைக் கூட்டியும் இதே பலனைப் பெறலாம், ஆனால் ஸ்லைசர் அமைப்பு மாறிய அன்றே பழைய குறை திரும்பிவிடும்.

அடுக்கு நகர்ந்தால் மோட்டாருக்கு மின்னோட்டத்தைக் கூட்டச் சொல்வார்கள். அதற்குமுன் மோட்டார் தண்டில் உள்ள பல்சக்கரத்தின் சிறு திருகைப் பாருங்கள். தண்டின் தட்டையான பக்கத்தில் அது நேராக அமர்ந்து இறுகியிருக்க வேண்டும். தண்டிலும் சக்கரத்திலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டு அச்சிட்டால், கோடு பிளந்ததா இல்லையா என்பதே விடை. மோட்டாருக்கு மின்னோட்டம் தரும் டிரைவரைத் தொடுவதானால், மின்சாரம் ஓடும்போது மோட்டார் வயரைப் பிடுங்கவே கூடாது, டிரைவர் கருகிவிடும்.

பவுடனா, டைரக்ட் டிரைவா என்பதில் நான் அதிகம் யோசிப்பதில்லை. பவுடனில் எக்ஸ்ட்ரூடர் சட்டத்தில் நின்று நீண்ட குழாய் வழியே இழையைத் தள்ளும், டைரக்ட் டிரைவில் அது நாசிலுக்கு மேலேயே இருக்கும். பவுடனில் நகரும் பாகம் இலகு, வேகம் கிடைக்கும். ஆனால் அடைப்பு குழாயிலா நாசிலிலா என்று தெரியாது. நாசில் ஒழுகாமல் இருக்க இழையைப் பின்னிழுக்க 4 முதல் 6 மி.மீ. வரை தேவைப்படும். டைரக்ட் டிரைவில் அது பெரும்பாலும் 2 மி.மீ.க்குள் முடிந்துவிடும், சிக்கலும் கண்முன்னே இருக்கும். புதியவர்களுக்கு டைரக்ட்.

மார்லினைவிட, கிளிப்பர் என்னும் மற்றொரு ஃபர்ம்வேரில் மாற்றங்கள் செய்வது எளிது. எழுத்துக் கோப்பைத் திருத்தி மறுதொடக்கம் செய்தால் போதும். ஆனால் அதற்கு ராஸ்பெரி பை போன்ற ஒரு கணினி வேண்டும், சந்தேகப்பட வேண்டிய பாகங்களும் அதனால் கூடுகின்றன. மார்லின் ஓடுகிறதென்றால் முதல் கனசதுரம் நேராக வரும்வரை அதுவே இருக்கட்டும். எதை வைத்தாலும், வெப்பம் கட்டுமீறினால் நிறுத்தும் பாதுகாப்பு இயங்குகிறதா என்று சோதித்த பிறகே நீண்ட அச்சைத் தொடங்குங்கள். மின்சாரத்தை அணைத்து ஹீட்டர் வயரைக் கழற்றிவிட்டு, இயக்கிச் சூடேறச் சொன்னால், சற்று நேரத்தில் இயந்திரம் பிழைச் செய்தியோடு தானே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த ஃபர்ம்வேரை மாற்றும்வரை ஆளில்லாத அறையில் அதை ஓடவிடாதீர்கள்.